என் கொள்ளிக்குடத்தை யார் சுமப்பது

பெரியவனே,

“அன்புள்ள மகனுக்கு என்று தொடங்கட்டுமா மாமா” என்று உன் பெண்டாட்டி கேட்டாள். அதெல்லாம் வேண்டாம், பெரியவனே என்று மட்டும் போடு, ஒரே பிள்ளையானாலும் அப்படித்தான் கூப்பிடுவேன், அவனுக்குப் புரியும் என்றேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியாததல்ல. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். நடுநடுவே இந்த வார்த்தையை எழுத மாட்டேன் என்று பேனாவை மேசைமேல் வைத்துவிடுகிறாள். அந்த இடங்களில் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதை நீயே நிரப்பிக்கொள். என் வாய்க்குப் பக்கத்திலேயே வளர்ந்தவன் நீ.

என் நம்பரை அடைத்துவிட்டாய். அவள் நம்பரையும் அடைத்துவிட்டாய். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோப்பிக்கடையில் உட்கார்ந்து தமிழ்ப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிற பழக்கம் உன்னை விட்டிருக்காது. குடியால்கூடக் கெடுக்க முடியாத ஒரே பழக்கம் அது. அதனால் இதை ஞாயிறு பேப்பருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். உன் பேர் போடவில்லை, என் பேரும் போடவில்லை. பயப்படாதே, உன்னை யாருக்கும் அடையாளம் தெரியாது, உன் அம்மாவின் சாவுக்கு வந்திருந்தவர்களைத் தவிர.

அந்த நாளிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஈப்போ மின்சுடலை, மத்தியான வெயில், உன் அம்மாவைப் பெட்டியோடு நடுவில் வைத்திருந்தார்கள். உன் தோளில் மண்குடம் நிறையத் தண்ணீர். மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் சடங்கு செய்ய வந்தவர் குடத்தில் ஒரு ஓட்டை போடுவார், மூன்றாவது முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் பின்னால் போட்டு உடைக்க வேண்டும். நிதானத்தில் இருக்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு செய்வான். நீ முதல் சுற்றிலேயே, அவள் கால்மாட்டில், முழங்கால் மடங்கி உட்கார்ந்தாய். விழுந்தாய் என்றுகூடச் சொல்ல முடியாது. கோப்பிக்கடையில் நாற்காலி இருக்கிறது என்று நம்பி உட்காருகிறவன் மாதிரி உட்கார்ந்தாய். குடம் உனக்கு முன்னால் விழுந்து உடைந்தது. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வந்திருந்தாய், சம்சுச் சாராய நாற்றம் தெரியக்கூடாது என்று. ரெண்டும் சேர்ந்து நாறியது. நிமிர்ந்து பெட்டியைப் பார்த்து, “சாரிம்மா, வேற கொண்டு வாரேன்” என்றாய்.

வேறு எங்கே இருக்கிறது? சாவு வீட்டுக்கு யார் ரெண்டு குடம் வாங்குவார்கள்? உன் தாய்மாமன் வெளியே நிறுத்தியிருந்த காடியிலிருந்து ஒரு பெரிய மினரல் பாட்டிலை எடுத்து வந்தார். சடங்கு செய்தவர் அதில் கத்தியால் ஓட்டை போட்டார். ரெண்டு பேர் உன் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். கடைசியில் அதைப் பின்னால் போட்டாய். பிளாஸ்டிக் உடையுமா? உருண்டு போய் வாசல்படியில் இடித்து நின்றது. ஆயுசு முழுக்கப் பால்மரம் வெட்டியவளை அப்படித்தான் அனுப்பி வைத்தோம். உன் சித்தி பிள்ளை ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அது சிரிக்க வேண்டிய காட்சிதான்.

அங்கே நின்றுகொண்டே வேண்டிக்கொண்டேன். பழைய தோட்டத்து முனியாண்டி, இவன் இந்தச் சனியனை விட்டுத் தொலைத்தால் உனக்கு ஒரு கிடாயும் ஒரு கட்டுச் சுருட்டும் ஒரு பாட்டிலும் கொண்டு வந்து வைக்கிறேன் என்று. நம் ஆட்கள் வேறு எப்படி வேண்டுவார்கள்? அதில் என்ன கோளாறு என்று எனக்கு உறைக்கவில்லை. உன் தாய்மாமனிடம் சொன்னேன், அவருக்கும் உறைக்கவில்லை. “நல்ல வேண்டுதல் மச்சான், பெரிய பாட்டிலா வைப்போம்” என்றார்.

சாமியை மட்டும் நம்பிக்கொண்டு நான் சும்மா இருக்கவில்லை. கிளினிக்கில் மருந்து கொடுக்கிற பெண்ணிடம் கேட்டேன். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசுகிற இடம் ஈப்போவில் இருக்கிறது, ஒவ்வொருவராக எழுந்து தங்கள் கதையைச் சொல்வார்கள் என்றாள். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டில் யாரோ அதைப் பார்த்துவிட்டு, “அந்தக் கடை மாடிதான் பெரியவரே, படி ஏறிப் போங்க” என்றார்கள். ஏறினேன். பெரிய கூட்டம், குளிர்சாதனம், எல்லோரும் வெள்ளைச் சட்டை. குடிகாரர்கள் இவ்வளவு சுத்தமாக இருக்கிறார்களே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். நம்ம இனத்துப் பெண் ஒருத்தி மைக்கைப் பிடித்து, “முன்ன நான் எதுக்கும் உதவாதவ. என் குடும்பமே என்னைப் பாத்துச் சிரிச்சிச்சு. இப்ப பாருங்க!” என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்திலிருந்த சீனப் பையன் என் தோளைப் பிடித்து, “அங்கிள், உங்களுக்குக் கூட்டாளி எத்தனை பேரு?” என்று தமிழிலேயே கேட்டான். “கூட்டாளி எல்லாம் வேணாம்பா, ஒரு மகன்தான், அவனைத் திருத்திக் குடுத்தா போதும்” என்றேன். அவன் என் கையில் ஒரு டின் மாவைக் கொடுத்தான், தண்ணீரில் கலக்கிக் குடித்தால் எல்லாம் சரியாகும் என்று. அந்த டின்னைத்தான் நீ அடுப்படியில் பார்த்து, “இது யாருக்குப்பா?” என்று கேட்டாய். உனக்குத்தான்டா நாயே என்றேனே, நினைவிருக்கிறதா?

கீழே இறங்கும்போது ஜாகா வேலைக்காரன் சிரித்தான். நானும் தோட்டத்தை விட்டு வந்த பிறகு காவல் வேலை பார்த்தவன் என்று சொல்லி, வந்த காரியத்தையும் சொன்னேன், அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசினான். “பெரியவரே, இது மாவு விக்கிற கூட்டம்லா. நீங்க கேக்குற கூட்டம் புந்தோங்ல. வியாழக்கிழமை சாயந்தரம். பாலர் பள்ளிக்குப் பின்வாசல்.” உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். “போயிருக்கேன்” என்றான். இப்போது போவதில்லையா என்று கேட்டேன். ரோட்டைப் பார்த்தான். அவன் கண்ணைப் பார்த்ததும் போவதில்லை என்று தெரிந்துகொண்டேன். உன் கண்ணிலிருந்து படித்த படிப்பு அது ஒன்றுதான் எனக்கு.

அந்தப் பாலர் பள்ளி அறை உனக்குத் தெரியும், ஆனால் நான் முதல் நாள் பார்த்ததைச் சொல்கிறேன். சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் லோரி ஓட்டுகிறவன், கிளார்க்கு வேலை பார்த்தவன், தாடி நரைத்தவன் எல்லோரும் முழங்கால் காதில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் அ, ஆ படம். எனக்குத் தெரியாத எழுத்துக்கு அடியில் எனக்குப் பிடிக்காத மனிதர்கள். கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தவனை லிங்கம் என்று வைத்துக்கொள். அது அவன் பேர் இல்லை, அந்த அறைப் பேர்களை வெளியே சொல்லக்கூடாது. அவன், “அண்ணே, இன்னைக்கி குடிச்சவங்களுக்கு மட்டும் உள்ள கூட்டம். குடும்பத்துக்கு மாசக் கடைசி வியாழன்தான்” என்றான். இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்புவதா? “நானும் குடிகாரன்தான்” என்றேன்.

“கடைசியா எப்பண்ணே குடிச்சீங்க?”

“நேத்து.”

“என்ன குடிச்சீங்க?”

“பிராந்தி.”

“என்ன பிராந்தி?”

ஆயுசில் ஒரு சொட்டு வாயில் வைக்காதவன் என்ன சொல்வேன்? “சிவப்பு பிராந்தி” என்றேன். அந்த அறையே விழுந்து விழுந்து சிரித்தது. தாடிக்காரனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. லிங்கம் மட்டும் சிரிக்காமல், “குடிகாரன் இப்படி முதுகு நிமித்தி உக்கார மாட்டான்ணே. மாசக் கடைசில வாங்க, மகனை இழுத்துக்கிட்டு வராதீங்க. இழுத்துட்டு வந்தவன் எவனும் இங்க தங்குனதில்ல” என்றான்.

அந்த யோசனையைக் கேட்டிருந்தால் நான் உன் அப்பன் இல்லையே. மாசக் கடைசி வியாழக்கிழமை மத்தியானம் உன்னிடம் வந்து சொன்னேன்: இன்று சாயந்தரம் புந்தோங்கில் முன்பின் தெரியாத ஆட்களுக்கு முன்னால் உன் அம்மா சாவில் நீ செய்ததைச் சொல்லப்போகிறேன், ஒவ்வொரு மாதமும் போய்ச் சொல்வேன், கதை தேயும்வரை சொல்வேன் என்று. நான் கூட்டத்தில் எழுந்து பாதி சொல்லியிருப்பேன், மோட்டர் சத்தம் கேட்டது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாய். அடிக்கத்தான் வந்திருந்தாய்.

“எந்திரிப்பா. வா வீட்டுக்கு.”

“உக்காருடா. இன்னும் குடம் விழல.”

மறுபடியும் சிரிப்பு. உனக்கு முகம் கறுத்துவிட்டது. லிங்கம் ஒரு குட்டி நாற்காலியைத் தள்ளி, கையில் கோப்பியைக் கொடுத்தான், கை ஆடியதில் பாதி தரையில் ஊற்றினாய். நான் விடவில்லை. குடத்தை உடைத்தேன், பாட்டிலைக் கொண்டு வந்தேன், சுற்றி முடித்தேன், “கடைசில பாட்டில் போய் வாசல்ல நின்னிச்சு, இவன் அதைத் திரும்பிக்கூடப் பாக்கல” என்று முடித்தேன். அப்போதுதான் நீ முதல்முதலாக அந்த அறையில் வாயைத் திறந்தாய். “தப்பா சொல்லாதப்பா. எல்லாரும் போனப்புறம் நான் போய் எடுத்தேன். இன்னும் வச்சிருக்கேன்.” அன்றுவரை எனக்கு ஒன்றும் நினைவில்லை, ஒன்றும் நினைவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நீ.

அறையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. நான்தான் கேட்டேன், “எதுக்கு, அதுல ஊத்திக் குடிக்கவா?” என்று. லிங்கம் என்னைப் பார்த்து, “அண்ணே, நீங்க கொஞ்சம் வெளிய போய் நில்லுங்க” என்றான். வெளியே வந்து உன் மோட்டரில் சாய்ந்துகொண்டு நின்றேன். உள்ளே நீ என்ன பேசினாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, அது அங்கே சட்டம். திடீரென்று உள்ளே பெரிய சிரிப்பு கேட்டது, அதில் உன் சிரிப்பும் இருந்தது. உன் அம்மா போன பிறகு நீ சிரித்து நான் கேட்டதில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

அதற்குப் பிறகு நீ போனாய். நான் சொல்லி இல்லை, நான் வரக்கூடாது என்பதற்காகவே ஒவ்வொரு வியாழனும் போனாய். எதற்காகப் போனால் என்ன? தீபாவளிக்கு உன் மச்சான்கள் கிளாஸை நீட்டியபோது பார்லி தண்ணீர் டின்னைக் காட்டினாய். தைப்பூசத்துக்கு என்னோடு நடந்து வந்தாய், கால் இடறாமல். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் வேலை கொடுத்தார்கள். உன் பெண்டாட்டி உன் சட்டையை மோந்து பார்ப்பதை நிறுத்தினாள் (இதை எழுத மாட்டேன் என்றாள், எழுது என்றேன்). நானும் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். “இன்னும் எத்தனை நாளைக்கோ” என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதம் வந்தது. வேண்டுதல் பலித்துவிட்டது, சாமிக்குக் கடன் வைக்கக்கூடாது. உன் தாய்மாமன் கிடாய்க்குச் சொல்லிவிட்டார். கறிச்சோறு சாப்பிட லிங்கத்தையும் கூப்பிட்டேன், உன்னை மீட்டவன் ஆயிற்றே. விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் மாறியது.

“அண்ணே, கிடா வெட்டுங்க, சுருட்டு வைங்க. பாட்டில் மட்டும் வேணாம்லா.”

“வாக்கு குடுத்துட்டேன் தம்பி. முனியாண்டிக்கு மைலோ கலக்கி வைக்கவா?”

“வைங்களேன். அவரும்தான் எவ்வளவு நாளைக்குக் குடிப்பாரு?”

சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். உன் பெண்டாட்டியும் அவரைக் கூட்டிப் போகாதீங்க மாமா என்றாள். அவனுக்காக வைத்த வேண்டுதல் அவன் இல்லாமல் எப்படி என்று அவள் வாயை அடைத்தேன்.

சுங்கை சிப்புட்டைத் தாண்டி உள்ளே போனோம், லிங்கமும் தன் லோரியில் வந்தான். உன் அம்மா பால் வெட்டிய கித்தா மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. லயத்து வீடுகளை இடித்த இடத்தில் லாலான் புல். முனியாண்டி மட்டும் அரிவாளோடு மரத்தடியில் நிற்கிறார், அவரை இடிக்க எந்த முதலாளிக்கும் தைரியம் வரவில்லை. உறுமி அடித்ததும் உன் தாய்மாமன் மேல் சாமி இறங்கியது. சுருட்டைப் பிடித்தார், பாட்டிலைத் திறந்து பாதியைக் குடித்தார், மீதியைக் கிளாஸில் ஊற்றினார். முதலில் என்னிடம்தான் நீட்டினார். நான் என்ன செய்தேன்? எப்போதும் செய்வதைத்தான் செய்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு மரத்தின் வேரில் ஊற்றினேன். குடிக்காதவன் அப்படித்தான் செய்ய வேண்டும், எந்த வருடமும் சாமி கோபித்துக்கொண்டதில்லை. கிளாஸை மறுபடி நிறைத்து உன்னிடம் நீட்டினார். “என் புள்ளைடா நீ! உன்னைக் காப்பாத்துனவன் நான்டா! குடிடா!” நீ கிளாஸை வாங்கினாய். வாங்கி, என்னைப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன். ஒரு வாய்தானே, பிரசாதம்தானே என்று ஆட்டினேன்.

அன்று சாயந்தரமே ரெண்டு பாட்டில். அந்த வாரமே ஃபோர்க்லிஃப்டைக் கொண்டு போய்ச் சுவரில் மோதினாய். வேலை போயிற்று. வியாழக்கிழமை கூட்டத்துக்குப் போகவில்லை, அதற்கடுத்த வியாழனும் போகவில்லை. லிங்கம் வீடு தேடி வந்தபோது கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டாய், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். நான் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: “சாமிதானே குடுத்துச்சு. நீதானே தலையாட்டுன.”

இதோ எல்லோரும் படிக்கச் சொல்கிறேன்: ஆமாம், தலையாட்டினேன். அதைப் பேப்பரில் போட்டாயிற்று, இனி அதை வைத்து நீ பிழைக்க முடியாது. முதல் கிளாஸ் என்னுடையது, எடுத்துக்கொள்கிறேன். ரெண்டாவதை முனியாண்டி கொடுக்கவில்லை. சீனன் கடைக்குச் சுருட்டைப் பிடித்துக்கொண்டு அவர் வரவில்லை. கடை முதலாளி தவுக்கே நீட்டியபோது நீ என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை, நான் தலையாட்டவும் இல்லை. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுக்கச் சொல்லி எந்தச் சாமியும் அருள்வாக்கு சொல்லவில்லை. வீட்டுப் பூட்டை மாற்றியது உன் பெண்டாட்டி என்று ஊரெல்லாம் சொல்கிறாயாம். நான்தான் மாற்றினேன். அவள் அழுதுகொண்டு நின்றாள், பூட்டுக்காரனுக்கு நானே விளக்குப் பிடித்தேன். உன் துணியை வெளியே வைத்ததும் நான்தான். அந்த மினரல் பாட்டில் அலமாரியில் உன் அம்மா சேலைக்கு நடுவே இருந்தது. அதை மட்டும் வைக்கவில்லை.

லிங்கம் ஒரு நாள் என்னிடம் சொன்னான், கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது. “அவன் சாமியைப் பாக்கலண்ணே. நான் லோரிகிட்ட நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க வேர்ல ஊத்துனதைப் பாத்தான். அப்புறம் உங்களைப் பாத்தான். எனக்கும் ஊத்தலாமான்னு கேட்டான்ணே. வாயால கேக்கல, அவ்வளவுதான்.” நான் கோப்பியைக் குடித்து முடித்தேன். அந்தக் கோப்பியின் கசப்பைப் பற்றி இங்கே எழுதி உன்னைக் குஷிப்படுத்தப் போவதில்லை.

இப்போது எதற்கு இந்தக் கடிதம் என்றால், என் இருதயம் பாதிதான் வேலை செய்கிறதாம். தோட்டமாக இருந்தால் அரைநாள் சம்பளம்தான் போடுவார்கள். டாக்டர் சின்னப் பெண், நாள் எதுவும் சொல்லவில்லை, உப்பைக் குறைக்கச் சொன்னாள். உப்பைக் குறைக்கச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அதனால் போன ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன்: என் கொள்ளிக்குடத்தை லிங்கம்தான் சுமப்பான்.

உன் தாய்மாமன் துள்ளிக் குதித்தார். “என்னா மச்சான் பேசுறீங்க! மகன் உயிரோட இருக்கான்லா! யாரோ ஒரு லோரிக்காரன், என்ன ஆளுன்னே தெரியாது!”

“குடிகார ஆளு. உன்னை மாதிரி இல்ல, நிப்பாட்டுனவன்.”

“ஊர் சிரிக்கும்.”

“ஏற்கனவே சிரிச்சிடிச்சு. மறந்துட்டியா, பாட்டில் உன் காடில இருந்துதானே வந்துச்சு?”

லிங்கம் மூலையில் நின்றுகொண்டிருந்தான். அவன் அப்பா செத்தபோது அவன் தெலுக் இந்தானில் ஒரு கடைப் பின்புறத்தில் விழுந்து கிடந்தானாம், தகனம் முடிந்த மறுநாள்தான் தெரிந்ததாம். அவன் சொன்னான், “சரிண்ணே, சுமக்குறேன். ஆனா வியாழக்கிழமை மட்டும் செத்துடாதீங்க. எனக்குக் கூட்டம் இருக்கு.” எல்லோரும் சிரித்தார்கள், உன் பெண்டாட்டிகூட. உன் தாய்மாமன் மட்டும் சாப்பிடாமல் போய்விட்டார்.

ஆக, என் காரியம் முடிவாகிவிட்டது. குடித்துவிட்டு வந்து பெட்டியைப் பிடித்து அழுகிற வேலையெல்லாம் வைத்துக்கொள்ளாதே. வாசலில் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். நிறுத்துவதற்கு ஆளும் பேசிவிட்டேன், அந்த மாவுக் கடை ஜாகாக்காரனைத்தான். அவனும் இப்போது வியாழக்கிழமை வருகிறான். ஒரு மாதக் கடைசியில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், இழுத்துக்கொண்டு இல்லை. நீ உட்கார்ந்த நாற்காலியில்தான் உட்காருகிறான். உனக்கு வேறு நாற்காலி தேட வேண்டியிருக்கும், எல்லாம் ஒரே அளவுதான்.

வீட்டுக்கு வராதே. பூட்டு மாற்றின வீட்டுக்கு முதலில் வராதே. நேராகப் புந்தோங்குக்குப் போ. முன்கேட்டைப் பூட்டியிருப்பார்கள், பின்வாசலில் செருப்பு கிடக்கும், அதுதான் அடையாளம். லிங்கம் ஒன்றும் கேட்க மாட்டான், கோப்பியைக் கொடுப்பான். வெட்கமாக இருக்கிறது என்று சொல்லியனுப்பினாயாமே. அந்த அறையில் வெட்கத்துக்கு என்ன வேலை? வாசனைத் தண்ணீர் குடித்தவன் இருக்கிறான், பிள்ளையின் பள்ளிக்கூடப் பையை விற்றுக் குடித்தவன் இருக்கிறான். உன் முறை வரும்போது உன் அம்மா கதையைச் சொல்லாதே. அதை நான் நிறையத் தடவை சொல்லித் தேய்த்துவிட்டேன். என் கதையைச் சொல். மகன் குடியை விட்டதற்கு நன்றி சொல்ல ஒருத்தன் சாமிக்குச் சாராயம் கொண்டு போனான், தனக்கு நீட்டியதை வேரில் ஊற்றிவிட்டு மகனுக்குத் தலையாட்டினான் என்று சொல். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தாடிக்காரனுக்குக் கண்ணில் தண்ணீர் வரும். மாசக் கடைசியாக இருந்தால் நானும் உட்கார்ந்து கேட்பேன். இல்லையென்றால் வெளியே மோட்டரில் சாய்ந்து நிற்பேன். எப்படியும் காதில் விழும்.

இப்படிக்கு என்று போட்டு முடிக்கட்டுமா என்று உன் பெண்டாட்டி கேட்கிறாள். இன்னும் ஒன்று இருக்கிறது. நேற்று பஸ் ஏறிப் போய்ப் பானைக் கடையில் குடம் வாங்கி வந்தேன். செய்தித்தாளில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். தட்டிப் பார்த்து, ஒரே அளவாகப் பார்த்து, ரெண்டு வாங்கினேன். தூக்கி வைக்கும்போது இவள் கேட்டாள், “லிங்கண்ணனுக்கு எதுக்கு மாமா ரெண்டு?”

அவன் கை ஆடாதும்மா, அவனுக்கு ஒண்ணு போதும் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எடுத்து இதையும் எழுது என்று சொன்னேன்.